அத்தான் எழுதிய அழகான வரி

என் அக்காவின் கணவருக்கு ஆலையில் ‘டிக்‌ஷனரி’ என்று பெயர். அவரை நினைத்தால் முதலில் எனக்குச் சிரிப்புதான் வரும். அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை அது. அத்தான் பாய்லர் ஆபரேட்டர். சுவருக்கு இந்தப் பக்கம் இஸ்திரிக் கூடத்தில் நானும் அக்காவும் இன்னும் பதினெட்டுப் பெண்களும் நிற்போம். எங்கள் மிஷின்களுக்கு வேண்டிய நீராவி அவர் அறையிலிருந்துதான் வரும்.

பாய்லர் ஓட்டுவதற்கான முதல் வகுப்புச் சான்றிதழுக்கு ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, பழைய பேப்பர் கடையில் ஆங்கில நாவல்களை அள்ளி வந்தார். சான்றிதழ் கிடைத்துவிட்டது, படிப்பு நிற்கவில்லை. ஒவ்வொரு கதையிலிருந்தும் ஐந்து கடினமான சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவார். பிறகு கவிதைப் பக்கம் போனார், எங்கள் நிம்மதி போயிற்று. “ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு ஆயிரம் தடவ சொல்லிட்டேன்!” என்று அக்கா கத்தினால், “ஹைபர்போல்” என்பார். அளவுக்கு மீறிச் சொல்வதற்கு அதுதான் பெயராம். துண்டு கட்டிலிலேயே கிடக்கும்.

பாய்லர் அறைப் பதிவேட்டில் மணிக்கொரு முறை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. எல்லா ஷிப்டிலும் எல்லாரும் அதில் ‘நார்மல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டுப் போவார்கள். அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கட்டத்தில் தன் கைவரிசையைக் காட்ட ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அவர் எழுதியது: ‘கண்ணாடிக்குள் தண்ணீர் உறங்குகிறது.’

பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்று வெளியே இருக்கும். அதைப் பார்த்துத்தான் எழுதினார். உயிரில்லாததற்கு உயிர் கொடுத்துச் சொல்வதற்கு பெர்சானிஃபிகேஷன் என்று பெயர். அந்த வாரம்தான் படித்திருந்தார். பதிவேட்டைப் பார்க்க ஆலை இன்ஜினியர் வந்தார், படித்தார், சிரித்தார், கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் எங்கள் கூடத்துக்குள் தலையை நீட்டினார்.

“ஏம்மா, உன் வீட்டுக்காரர் தண்ணியவே தூங்க வெச்சுட்டாரு!”

அக்கா வெட்கப்பட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பன்னிரண்டு மணிக்கு, இன்னும் நல்லதாக ஒரு வரி எழுதலாம் என்று அத்தான் குழாயை உற்றுப் பார்த்தார். தண்ணீர் இம்மியும் நகராமல் அதே இடத்தில் நின்றது. ஓடுகிற பாய்லரில் அந்தத் தண்ணீர் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடவில்லை என்றால் குழாயின் வழி அடைத்துக்கொண்டது என்று பொருள். உள்ளே தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் வெளியே நிறைவாகத்தான் காட்டும். குழாயின் வடிகாலைத் திறந்தார். இருந்தது வடிந்தது, புதிதாக ஒரு சொட்டு ஏறவில்லை. தீயை அணைத்தார். பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் விட்டால் வெடித்துவிடும் என்பதால் தண்ணீர் ஏற்றும் பம்பைத் தொடவில்லை. எங்களிடம் ஓடி வந்தார். இதையெல்லாம் பிறகு அவரே சொன்னார்.

வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வந்தார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஓடுங்க... எல்லாரும் வெளிய ஓடுங்க!”

“என்ன அத்தான், ஹைபர்போலா?” என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருபது பேரும் மதிலோடு ஒண்டி உட்கார்ந்தோம். இதோ வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று ஒரு மணி நேரம். பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்புத் தகட்டைக் கீழே போட்டதற்கு நான் அலறியே விட்டேன். அக்காவின் பற்கள் கிட்டித்துப்போயிருந்தன.

வெடிக்கவில்லை. ஆறிய பிறகு திறந்து பார்த்த பாய்லர் ஆய்வாளர், உள்ளே மேல்வரிசை இரும்புக் குழாய்கள் வளைந்திருந்ததைக் காட்டி, இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் அந்தச் சுவரே இருந்திருக்காது என்றார். மறுநாள் விசாரணையில் பதிவேட்டின் மேல் விரலை வைத்தார்.

“பதினோரு மணிக்கே தண்ணி ஆடலன்னு எழுதியிருக்கீங்களே. அப்பவே ஏன் நிறுத்தல?”

இன்ஜினியர் கையெழுத்துப் போட்டதைச் சொல்லியிருக்கலாம். இன்ஜினியர் அதற்குப் பயந்துதான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரி நல்லா வந்துடுச்சு சார். அதையே படிச்சுப் படிச்சுப் பாத்துட்டு இருந்துட்டேன்,” என்றார் அத்தான்.

கதவோரம் என்னோடு நின்ற அக்கா அதைக் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

“அந்த ஒரு மணி நேரத்துல, சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் நிக்கிறேன்னு ஒரு தடவையாவது ஞாபகம் வந்துச்சா?”

அத்தானுக்குத் தெரியாத சொல் இல்லை. பொய் மட்டும் சொல்லத் தெரியாது.

“வரல,” என்றார்.

ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இப்போது திரும்ப வந்துவிட்டார். குறிப்புக் கட்டத்தில் ‘நார்மல்’ என்றுதான் எழுதுகிறார். அக்காவும் அதே கூடத்தில்தான் இஸ்திரி போடுகிறாள். மணிக்கொரு முறை வேலையைப் போட்டுவிட்டு பாய்லர் அறைக்குப் போகிறாள். தண்ணீர் ஆடுகிறதா என்று பார்க்கிறாள். அத்தானைப் பார்க்காமல் திரும்பி வருகிறாள்.