அருள் வைத்த ஸ்கோர்

அருளு, காமாலையில் நீ போய்விட்டாய். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக உன் போட்டோவோடு செங்கல்பட்டு பிரவுசிங் சென்டருக்கு வந்தேன். பக்கத்து சீட்டில் யாரோ நம்ம கார் கேம் ஆடினார்கள். அந்தச் சத்தம் என்னைச் சதுரங்கப்பட்டினத்துக்கே இழுத்துப் போனது.

சின்ன வயதில் அங்கே இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து ஆடுவோம். உன் சட்டையில் கருவாட்டு வாசம் அடிக்கும். இமெயில் உனக்குத்தான் இருந்தது. அதனால் அந்த ஆன்லைன் கேமில் இருவருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஒரு பெயருக்குப் பெரிய ஸ்கோர் ஒன்றுதான் நிற்கும். அதைத் தாண்டினால் பழையது அழிந்துவிடும்.

"இன்னா மச்சான், உன் ஸ்கோரத் தூக்கிட்டேன். மூஞ்ச ஏன் அப்டி வச்சினுகீற?" என்பாய்.

"நாளிக்கு உன்னுது இருக்காது பாரு" என்பேன்.

இன்று அதே பெயரில் உள்ளே போனேன். நீ கடைசியாக வைத்த ஸ்கோர் அப்படியே இருந்தது. ஆடினேன். அதை நெருங்கியதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கார் போய் மோதி நின்றது.

"இன்னா தம்பி, ஜெயிக்கிற ஆட்டத்த வுட்டுட்ட?" என்றார் கடைக்காரர். உன் போட்டோவை அவரிடம் நீட்டினேன்.

இதைப் படிக்கிற எல்லாரும் எங்க அருளுக்காக ஒருமுறை சாமி கும்பிடுங்கள்.