மருந்தடி ஏரம்பர் கும்பிட்ட சாமி

தர்மபுரத்தில் இறங்கி ஏரம்பர் வீடு எது என்று கேட்டால், "எந்த ஏரம்பர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். மருந்தடி ஏரம்பர் என்றால் போதும், சின்னப் பிள்ளையும் கையை நீட்டிக் காட்டிவிடும். காட்டாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். அந்தக் குடியேற்றத்திலேயே சுவர் மெழுகாத வீடு அது ஒன்றுதான். தைப்பொங்கல் வருகிறது என்றால் ஊரே களிமண்ணும் சாணமும் குழைத்துச் சுவரைப் பூசி மெழுகிப் பளிச்சென்று வைத்திருக்கும். ஏரம்பர் வீட்டுச் சுவர் மட்டும் வெடித்துப் பிளந்து, மேலெல்லாம் வெள்ளைத் திட்டுப் பிடித்து, பார்க்கச் சகிக்காமல் நிற்கும். அந்த வெள்ளைதான் நுளம்பு கொல்ல அடிக்கிற டீ.டீ.ரீ. மருந்து. அதன்மேல் சாணக் கை பட்டால் மருந்து செத்துப்போகும் என்பது ஏரம்பருடைய வேதம்.

மனிதர் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. ஐம்பதுகளின் நடுவில், வடமராட்சியில் சொந்தமாக ஒரு துண்டு காணிக்கும் வழியில்லாமல், மனைவி கமலாசனியையும் கைப்பிள்ளை தவராசாவையும் கூட்டிக்கொண்டு காடு வெட்டிக் குடியிருக்க வந்தவர். அப்போது அவரைப் போலப் பக்திமான் அங்கே கிடையாது. வேப்பமரத்தடியில் அம்மாளுக்குக் கொட்டில் போட்டதும் அவர்தான், பூசை வைக்க வீரகத்தியைப் பிடித்து நிறுத்தியதும் அவர்தான். முதல் மாரிமழை முடியவில்லை, தவராசாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. காட்டுக்குள் புதிதாக முளைத்த கொட்டில்களுக்கு மருந்தடிக்கிறவர்கள் இன்னும் வந்து சேராத காலம். வீரகத்தி பார்வை பார்த்தான். மந்திரித்து நூல் கட்டினான். பொங்கல் வை என்றான், வைத்தார். நேர்த்தி வை என்றான், வைத்தார். பிள்ளை நடுங்கியது, நடுங்கியது, ஒருநாள் நடுக்கம் நின்றது. மூச்சும் கூடவே நின்றுபோனது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த கையோடு ஏரம்பர் அம்மாள் கொட்டிலுக்கு முன்னால் போய் நின்று, வாயில் வந்த தூஷணமெல்லாம் சொல்லி ஏசினார். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அடுத்த வருசம் மருந்தடிக்கிற கூட்டம் வந்தது. கூட்டத்தை மேற்பார்க்கிற ஓவசியர் மயில்வாகனம் காக்கிக் காற்சட்டையோடு முற்றத்தில் நின்று விளக்கம் சொன்னார். நுளம்பு ஆளைக் கடித்து இரத்தம் குடிக்குமாம். குடித்த பாரத்தில் பறக்க மாட்டாமல் பக்கத்துச் சுவரில் குந்துமாம். சுவரில் மருந்து இருந்தால் குந்திய இடத்திலேயே சாகுமாம். ஏரம்பர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அதுவரை அவருடைய பிள்ளை ஏன் செத்தது என்று அவருக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. வீரகத்தி விதி என்றான். சனம் நாவூறு என்றது. இந்த மனிதர் ஒருவர்தான் காரணம் சொன்னார், அதைச் சுவரில் காட்டவும் செய்தார்.

அந்தக் கிழமையே ஏரம்பர் மருந்தடிக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மருந்தடித்த வீடுகளில் காய்ச்சல் குறைந்தது. அதைப் பொய் என்று சொல்ல ஒருவராலும் முடியாது. நோய் ஓடுவதைக் கண்ணால் கண்ட மனிதன் வேறென்ன செய்வான்? கும்பிட்டார். வீட்டுக்குள் சாமிப்படம் இருந்த மூலையில் கழுவித் துடைத்த மருந்தடிக்கிற பம்பு ஏறி உட்கார்ந்தது. மகள் பத்மாசனி பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்ததும், பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் ஓவசியரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"ஒருக்காத் தூக்கித் தாங்கோ ஐயா."

மயில்வாகனத்தாருக்கு வெட்கம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம். "என்ன ஏரம்பு, நான் என்ன குருக்களோ?"

"உங்கடை வாயாலை நல்லாயிருப்பாள் எண்டு ஒரு சொல் சொன்னால் காணும்."

சொல்லாமல் விட முடியுமா? அவரும் சொல்லிவைத்தார்.

மார்கழி கடைசியில் ஏரம்பர் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். வீடு வீடாகப் போய், மெழுகுகிற பெண்களோடு மல்லுக்கட்டுவார். ஒருமுறை இராசேஸ்வரி என்கிற பெண் சாணக் கையோடு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"ஏனண்ணை, வருசப் பிறப்புக்கும் பொங்கலுக்கும் சுவர் மெழுகாமல் மூதேவி பிடிச்ச வீடு மாதிரியே விட்டிருக்கச் சொல்லுறியள்?"

"மூதேவியும் இல்லை, சீதேவியும் இல்லை. சுவரிலை கிடக்கிறதுதான் பிள்ளை உயிர். அதை மூடாதை."

"உங்கடை விபூதியை நீங்களே பூசுங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் மெழுகினாள். ஊர் சிரித்தது. ஏரம்பருக்கு அழுகை வந்தது. மருந்தை மூடினால் பயன் போய்விடும் என்று அவர் சொன்னது சரியான கதைதான். சரியான கதையைச் சொல்கிறவனுக்கும் வெறி பிடிக்கும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

பிற்பாடு அவருக்கு விரல் குத்தும் வேலையும் கிடைத்தது. யார் காய்ச்சலில் படுத்தாலும் ஏரம்பர் ஊசியோடும் கண்ணாடித் துண்டோடும் வந்து நிற்பார். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பூசி அனுப்பினால், கிளிநொச்சியில் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்து, மலேரியாவா இல்லையா என்று சொல்வார்கள். அவர் குத்தாத விரல் அந்தப் பகுதியில் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாடு முழுக்க மலேரியா கண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. மருந்தடிப்பு நின்றது. கடைசி நாளில் மயில்வாகனத்தார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"மலேரியாவை நாங்கள் வெண்டிட்டம். இனி மருந்தடிக்கத் தேவையில்லை. ஆனால் ஒண்டு, காய்ச்சல் எண்டு ஆர் படுத்தாலும் ரத்தம் பாக்கிறதை மட்டும் விட்டிடாதையுங்கோ. இண்டைக்கு நாங்கள் சொல்லுறது நாளைக்கு மாறலாம்."

ஏரம்பருக்கு முதல் பாதி கேட்டது. கேட்டதும் கண்ணீர் முட்டிவிட்டது. தவராசாவைக் கொன்றது இனி இந்த மண்ணில் இல்லை. மற்றப் பாதி எந்தக் காதால் போனதோ தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான். "என்னைக் கும்பிடாதே, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்" என்று சாமியே வாய்திறந்து சொன்னாலும் பூசாரியின் காதில் அது ஏறுமா?

அதன்பிறகு ஏரம்பர் வயலும் தானுமாக இருந்தார். சுவரை மட்டும் மெழுகவிடவில்லை. கமலாசனி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அறுபத்தெட்டாம் ஆண்டு மழை பொய்த்தது. நெத்தலியாறு ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. ஊரில் அங்கொன்று இங்கொன்றாகச் சனம் போர்த்துக்கொண்டு படுக்கத் தொடங்கியது. "வெயில் காய்ச்சல்," என்றார் ஏரம்பர். இன்னும் இரண்டு வீட்டில் படுத்தார்கள். "தடிமன் காய்ச்சல்," என்றார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். மருந்தடி ஏரம்பருக்குத் தெரியாத காய்ச்சலா?

பிறகு பத்மாசனி படுத்தாள்.

பன்னிரண்டு வயது. ஓயாமல் கதைக்கிற பிள்ளை. நுளம்பு எப்படிக் குந்தும், பின்பக்கத்தை எப்படித் தூக்கும் என்று தகப்பன் சொன்னதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டி ரீச்சரிடம் அடி வாங்கியவள். அந்தப் பிள்ளை இரண்டு சாக்கும் ஒரு போர்வையும் போர்த்தும் பல்லுக்கிட்டிக்கொண்டு நடுங்கியது. பிறகு நெருப்பாய்க் கொதித்தது. பிறகு வேர்த்து ஊற்றியது. மறுநாள் எழும்பிக் கஞ்சி குடித்தது.

"பாத்தியே?" என்றார் ஏரம்பர் மனைவியிடம். "மலேரியா எண்டால் இப்பிடி எழும்பி இருப்பாளோ?"

ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதுதான் அந்தக் காய்ச்சலின் குணம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர். அடுத்தநாள் அது சொல்லிவைத்தாற்போல வந்தது.

"இஞ்சருங்கோ, இது எங்கடை தவராசாவுக்கு வந்ததுதான்," என்றாள் கமலாசனி. "எனக்குத் தெரியும். நான் பெத்தனான்."

"விசர்க் கதை கதையாதை. அது நாட்டிலையே இல்லை. எங்கடை சுவரிலை மருந்து கிடக்கு."

"மருந்தின்ரை சக்தி ஆறு மாசம் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். இந்தச் சுவருக்கு அடிச்சு எத்தினை வருசம்?"

"வெள்ளை தெரியுதோ இல்லையோ?" என்று கத்தினார். பத்மாசனி போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள்.

"அப்பா, எனக்கு ஒருக்கா விரல் குத்திப் பாருங்கோவன். நான் அழமாட்டன்."

பெட்டிக்குள் ஊசியும் கிடந்தது, கண்ணாடித் துண்டும் கிடந்தது. ஏரம்பர் அந்த விரலைப் பிடித்தார். குத்தினால், மருந்தைத் தானே சந்தேகப்படுவதாக அர்த்தம். மலேரியா என்று வந்துவிட்டால்? நுளம்பு வென்றது, தவராசா வீணாகச் செத்தான், இத்தனை வருசம் தான் கும்பிட்டதும் ஒரு மண்சாமிதான் என்று ஆகிவிடும். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. விரலைத் திருப்பிப் போர்வைக்குள் வைத்துவிட்டார்.

"உனக்கு ஒண்டுமில்லை குஞ்சு. ஆத்துத் தண்ணிக்குள்ளை நிண்ட காய்ச்சல்."

அன்று பின்னேரம் வீரகத்தி வேலிப் படலையடியில் வந்து நின்றான். இத்தனை வருசத்தில் அந்த முற்றத்தை அவன் மிதித்ததில்லை. ஏரம்பர் எழும்பிப் போய்ப் படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"நூலோடையோ வந்தனீ?"

"இல்லையடாப்பா. என்ரை மருமோளுக்கும் இதே குளிர்தான். நூலும் கட்டினனான், கேக்கேல்லை. பேந்து கிளிநொச்சிக்குக் கொண்டுபோனம். ரத்தம் பாத்திட்டு மலேரியா எண்டு குளிசை குடுத்தவை. இப்ப எழும்பித் திரியிறாள். நீயும் பிள்ளையைக் கொண்டுபோ."

"மலேரியா இல்லை."

"பூசாரி நானே சொல்லுறன், உனக்கென்னடா?"

"நீ சொல்லுறபடியால்தான் இல்லை எண்டுறன்."

வீரகத்தி படலையைப் பிடித்துக்கொண்டான். "உன்ரை பெடியன்ரை விசயத்திலை நான் பிழைவிட்டனான்," என்றான். "அந்தக் கோவத்தை இந்தப் பிள்ளையிலை காட்டாதை." ஏரம்பர் படலையைச் சாத்தினார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதனுக்கு நாலாவது காலைக் காட்டி என்ன பயன்?

விடிய, பத்மாசனிக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. கண் மேலே செருகிக்கொண்டது. வலிப்பு வந்தது. அப்போதுதான் ஏரம்பர் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பஸ்ஸில் ஏறிப் பரந்தன் சந்தியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். அது வரும்வரை கமலாசனி பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் பத்மாசனியின் விரலைக் குத்தி ஒரு துளி எடுத்தார்கள். ஊசி ஏற்றினார்கள். செய்யவேண்டியதெல்லாம் செய்தார்கள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றும், முந்திக் கொண்டுவந்திருந்தால் குளிசையோடு போயிருக்கும் என்றும் சொன்னார். பிள்ளை போய்விட்டது என்பதையும் அவரே சொன்னார்.

கமலாசனி அழவில்லை. ஏரம்பரின் முகத்தைப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் விரல் குத்தினனீங்கள்," என்றாள். "என்ரை பிள்ளை தானே விரலை நீட்டினவள். ஒரு துளி எடுக்க உங்களுக்கு மனம் வரேல்லையே?"

பிள்ளையைக் கொண்டுவந்து தமையனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். முன்பு ஏசுவதற்கு அம்மாள் இருந்தாள். இந்தமுறை யாரை ஏசுவது? நுணுக்குக்காட்டி ஒருநாளும் அவரிடம் வந்து என்னை நம்பு என்று கேட்கவில்லை. பார் என்றுதான் சொன்னது. பார்க்காமல் விட்டது அவர். வீரகத்தி செத்தவீட்டுக்கு வந்து ஒரு மூலையில் குந்தியிருந்தான். ஏரம்பர் அவனைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

காய்ச்சல் ஊர் ஊராகப் பரவிய பிறகு இரத்தம் எடுக்கிறவர்கள் திரும்பவும் வந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த சின்னராசா என்பவன் வீடு வீடாக ஏறி இறங்கினான். மருந்தடி ஏரம்பர் வந்து ஒரு சொல் சொன்னால் சனம் பயப்படாமல் விரலை நீட்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் வந்து கேட்டான். ஏரம்பர் தலையை ஆட்டி மாட்டேன் என்றார். வற்புறுத்தாமல் அவன் கமலாசனியின் விரலைக் குத்தினான். பிறகு ஏரம்பரின் பக்கம் திரும்பினான். ஏரம்பர் கையை நீட்டினார்.

"மறுமொழி எப்ப வரும்?"

"ரெண்டு மூண்டு நாளிலை வரும் ஐயா. இருந்தால் குளிசை கொண்டுவந்து தருவன். இல்லாட்டி இல்லை எண்டு வந்து சொல்லுவன்."

ஏரம்பர் விரலைத் துடைத்தார்.

"இல்லை எண்டு வந்தால் எனக்குச் சொல்லிப் போடாதை தம்பி," என்றார். "நான் திரும்பவும் நம்பிப் போடுவன்."