மூணாறு லயத்தில் சாக்கு அடைத்த புகைபோக்கி

என் கணவர் விட்டுப்போன வேலையை முடிக்கவே நான் மூணாறு போனதாக எங்கள் ஊர் கொல்லங்கோட்டில் சிலர் சொல்லி வருகிறார்கள். தவறு. அவர் வங்கி அதிகாரி. ஸ்கேல் வைத்தாலும் நேர்கோடு போட வராது. ஓய்வு பெறும்வரை கட்டடக்கலைக் கல்லூரியில் கற்பித்தவள் நான். மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் வீடு எது என்பதே என் பாடம். மூணாறு தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கு, புகைபோக்கியுடன் சமையலறை வரைந்து கொடுத்ததும் நானே.

கட்டிய ஆறு வீடுகளிலும் பெண்கள் புகைபோக்கியை அடைத்துவிட்டதால், அடுத்த வரிசை வீடுகளுக்கு அது வேண்டாம் என்று நினைப்பதாகத் தோட்ட மேலாளர் எழுதினார். ஏன் அடைத்தார்கள் என்று எழுதவில்லை. அதை அறியத்தான் 1976 ஜூலையில் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குப் பொள்ளாச்சி பஸ். மூணாறு போக எங்கே மாற வேண்டும் என்று கேட்டேன். நடத்துநர், "ஏனுங்கம்மா, இந்த மழையில மூணாறுக்குங்களா? அங்க துணி காயவே ஒரு வாரம் ஆகுமுங்க" என்றார்.

"துணி துவைக்கப் போகலைங்க" என்றேன். பாதி விடையை அவர் அப்போதே சொல்லிவிட்டது பிறகுதான் தெரிந்தது.

உடுமலைப்பேட்டையில் பஸ் மாறினால் மூணாறு ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்காருங்கள். சின்னாறு வரை காய்ந்த முள்காடு. மறையூர் தாண்டினால் சாரல். வீடு கட்டப் படிக்கும் பிள்ளைகள் அனைவரையும் ஒருமுறை இந்தப் பாதையில் அழைத்து வர வேண்டும். மூணாற்றிலிருந்து லயத்துக்கு ஜீப், பன்னிரண்டு ரூபாய். வாடகையை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசி வீட்டில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் இருந்தார். கூரை வரை புகை. இடுப்பில் இருமும் கைக்குழந்தை. அடுப்புக்கு மேலே புகைபோக்கியின் வாயில் கோணிச்சாக்கு.

"ஏன் அடைச்சீங்க?"

"பின்ன என்ன டீச்சர்? வெறகு ஈரமாவே கெடக்கு. அடுப்புக்கு மேல பரண்ல போட்டாப் பொகையில காயும். ஒங்க கொழா பொகையையும் சூட்டையும் சேத்து வெளிய தள்ளுது. மலையவா காய வைக்க?"

"பிள்ளை இருமுதே?"

"இருமுதுதான். சோறு வேகலன்னா அழுவுமே."

நியாயமான பதில். ஆனாலும் குழந்தையின் நெஞ்சுக்குள் புகை போவதற்கு அது நியாயமாகாது. புகைபோக்கியின் வாயிலேயே விறகை வைத்தால் என்ன என்று கேட்டேன். பேச்சியம்மாளின் கணவர் சாக்கை உருவிவிட்டு இரண்டு இரும்புக் கம்பிகளைக் குறுக்கே செருகி விறகை அடுக்கினார். சூடு சட்டென்று வெளியேறாமலிருக்க, பிஸ்கட் டின் மூடியால் பாதி வாயை மூடினோம். புகை விறகின் நடுவே மெல்ல நுழைந்து மேலே போனது.

"நாலு நா பாக்கேன் டீச்சர். வெறகு காயலன்னா சாக்கு திரும்ப ஏறிரும். கோவிச்சுக்கக் கூடாது" என்றார் பேச்சியம்மாள்.

"சோறு வேகலைன்னா நானே ஏத்தச் சொல்வேன்" என்றேன்.

மழை முடியும்வரை முடிவெடுக்காமல் பொறுப்பதாக மேலாளர் ஒப்புக்கொண்டார். மண் சரிந்தால் பாதை அடைபடும் என்று ஜீப் ஓட்டுநர் அவசரப்படுத்தியதால் மறுநாளே இறங்கிவிட்டேன்.

இந்த மழையில் போகிறவர்கள் கம்பளியும், அட்டைக்கடிக்கு உப்பும் எடுத்துச் செல்லுங்கள். மறையூர் சாலையில், பள்ளிக்கூடத்துக்கு மேலே, நீலக் கதவு வைத்த ஆறு வீடுகள் தெரியும். சமையல் நேரத்தில் கடைசி வீட்டைப் பாருங்கள். புகை குழாய் வழியாக வருகிறதா, கூரை ஓட்டின் இடுக்கு வழியாகவா? வேறு யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்குக் கடிதம் எழுதுங்கள்.