லுஹி, ஓஓலேஆ, மாஎஎலே: டிராகன்ஃபெல்ஸ் மலையில் ஒரு பிப்ரவரி

1972 பிப்ரவரி. ஜெர்மனியில், கொலோன் நகரில் எங்கள் ஆய்வகக் கருவி பழுதாகி ஒரு வாரம் வேலையில்லை. டுசல்டோர்ஃபில் பொறியியல் படித்த யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணைதான் டிராகன்ஃபெல்ஸ் மலைக்குப் போகலாம் என்றார். ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி மாலியாவும் சேர்ந்துகொண்டாள். அவள் ஹவாய்க்காரி, அதுதான் அவளுக்கு முதல் பனிக்காலம்.

காலை எட்டேகாலுக்கு ரயில். மலையடிவாரத்து ஊரான கோனிக்ஸ்வின்டர் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மலை 321 மீட்டர்தான். ஆனால் பாதையெல்லாம் பனி.

ஏறும்போது மாலியா தன் வீட்டு மொழியில் புலம்பிக்கொண்டே வந்தாள். 'லுஹி' என்றால் அசதியாம். தொடைத் தசை இறுகிப்போனதும் 'ஓஓலேஆ' என்றாள். நான் அவற்றைத் திருப்பிச் சொல்ல, என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தாள்.

இறங்கும்போது சிரிப்பு நின்றுபோனது. பாதி வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள் எழவில்லை. "லுஹியா?" என்றேன். இல்லையென்று தலையாட்டி, "மாஎஎலே" என்றாள். இது புது வார்த்தை. அர்த்தம் கேட்டேன். கால் விரல்கள் இருப்பதே தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

புது பூட்ஸ், கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். கழற்றினால் காலுறை ஈரம், வலது கால் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. நான் தேய்க்கப் போனேன்.

"தேய்க்கக் கூடாது தங்கச்சி. சூடு மட்டும் குடுங்கோ" என்றார் அண்ணை.

அவள் பாதத்தை என் ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். பனிக்கட்டியேதான். அண்ணை தன் கோட்டைக் கழற்றி மேலே போர்த்திவிட்டு, நடுங்கிக்கொண்டே நின்றார். விரல் போய்விடுமா என்று மாலியா இரண்டு முறை கேட்டாள்.

இருபது நிமிடம் இருக்கும். மாலியா பல்லைக் கடித்தாள், கண்ணில் நீர். கால் எரிகிறதாம்.

"எரிஞ்சால் நல்லது. உயிர் வருது" என்றார் அண்ணை. விரல்கள் மெல்லச் சிவந்தன. அப்போதுதான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

மிச்சமிருந்த ஒரு கிலோமீட்டரும் அண்ணை அவளை முதுகில் சுமந்து இறங்கினார். மறுநாள் மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரு விரலுக்கும் பழுதில்லை என்றார்.

குளிர்காலத்தில் அங்கே போகிறவர்கள் பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை வைத்துக்கொள்ளுங்கள். பூட்ஸைத் தளர்த்திக் கட்டுங்கள். கூட வருபவர் திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டால், வெறும் அசதி என்று நீங்களாகவே முடிவுசெய்யாமல் கூடவே உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்கள்.