அண்ணன் எழுதிய புரோகிராம்

ஆபீசில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். வைத்தது வேறு யாருமில்லை, சொந்த அண்ணன்தான். "என் தங்கச்சிகிட்ட கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும் முதல்ல எழுத்துப்பிழையைத்தான் தேடுவா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பான். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்து, தான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டவன் அவன்.

கம்பெனியில் மெயின்ஃப்ரேம் எனப்படும் பெரிய கம்ப்யூட்டர்கள் இரண்டு. புதியது இங்கே, பழையது வேறோர் ஊர்க் கிளையில். புதியது படுத்துக்கொண்டால் பழையதில் வேலை நடக்க வேண்டும். ஆனால் இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் அசெம்பிளர் மொழியில் எழுதிய புரோகிராம்களில் சில கட்டளைகள் பழையதற்குப் புரியாது. அந்த இடம் வந்ததும் ஓட்டம் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு புரோகிராமையும் வரிவரியாகப் பார்த்து, அது ஓடக் குறைந்தபட்சம் எந்த இயந்திரம் வேண்டும் என்று சொல்வது அவள் வேலை.

ஓய்வூதியப் புரோகிராமில் அப்படி ஒரு கட்டளை அகப்பட்டது. எழுதியவன் அண்ணன். அவனிடம் முன்கூட்டியே சொன்னால் சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டியதாகிவிடுமோ என்று பயந்தாள். வாயைத் திறக்காமல் மேலாளரிடம் அறிக்கையைக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் அவனை எழுப்பி நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். மாலையில் வழக்கம்போல அவள் அவனுடைய ஸ்கூட்டர் அருகே காத்திருந்தாள். அவன் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போய்விட்டான்.

அதோடு பேச்சு நின்றது. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போனான். அண்ணி மட்டும் எப்போதாவது போன் செய்வாள். ஒருநாள் போனிலேயே அழுதாள்: "உங்க அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போச்சும்மா. வந்து பாத்துட்டுப் போ."

ஆஸ்பத்திரியில் பாதி ஆளாகக் கிடந்தான்.

"தப்பு என்னோடதுதான்" என்றான். "பழசுல ஓடுமான்னு நான் பாத்திருக்கணும். ஆனா நம்ம ரெண்டு மேஜைக்கும் நடுவுல ஒரு தூண்தானே இருந்துச்சு? எட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பயந்துட்டேன்ணா."

"என்கிட்டயா?"

அந்த வாரமே அவன் போய்விட்டான்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது, 'புதியதில் மட்டும்' என்று குறித்துக் கிடப்பில் போட்டிருந்த அந்தப் புரோகிராமைத் திருத்தும் பொறுப்பு அவளிடமே வந்தது. அந்த ஒரு கட்டளையை எடுத்துவிட்டு, பழைய கட்டளைகள் சிலவற்றை அங்கே எழுதினாள். பழைய இயந்திரத்தில் தங்குதடையில்லாமல் ஓடியது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் மேலாளர்.

"இவ்வளவுதான் சார்" என்றவள், வெளியே வந்து, தூணுக்கு அந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்திருந்த மேஜையை எட்டிப் பார்த்தாள்.