அடுக்கம் ரோடு திறந்துவிட்டதாம்!

மழை ஓய்ந்ததும் கொடைக்கானலிலிருந்து பெரியகுளத்திலுள்ள அம்மாவைப் பார்க்க, கணவருடன் காரில் கிளம்பினேன். அடுக்கம் ரோட்டில் மண்சரிவை அகற்றிவிட்டதாக உள்ளூர் நிருபர் ஒருவர் மொபைலில் செய்தி போட்டிருந்தார். அதை நம்பி அவ்வழியே இறங்கினோம்.

ஒரு வளைவில், தோட்ட வேலைக்குப் போகும் பெண்மணி கைகளை விரித்து மறித்தார்.

"நிறுத்துங்க! அங்கிட்டு ரோடே இல்ல, சரிஞ்சு கெடக்கு!"

இறங்கிப் பார்த்தேன். வளைவுக்கு அப்பால் பாதிச் சாலை பள்ளத்துக்குள் போயிருந்தது. காரைத் திருப்பினோம்.

வீடு திரும்பியதும், செய்தியிலிருந்த எண்ணில் கணவர் நிருபரை அழைத்தார்.

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"இல்லைங்க. அங்க ரிசார்ட் வச்சிருக்கவரு சொன்னாரு. நமக்கு விளம்பரம் தர்றவருங்க."

இப்போதெல்லாம், நிருபர் நேரில் போனாரா, அவருக்குச் சொன்னவர் யார் என்று தெரியாமல் நாங்கள் கார் சாவியைத் தொடுவதில்லை.