சவர்லாண்டுக்கு ஒரு சத்தம் கேட்கப் போனோம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அபி இப்போதுதான் நித்திரையானாள். ஒன்றரை வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பயணக் கட்டுரை எழுதுகிறவளுக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. காலையில் வாசித்தால் எழுத்துப் பிழைகளைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

கைக்குழந்தையோடு போகக்கூடிய ஒருநாள் பயணங்களைப் பற்றித்தான் வழக்கமாக இங்கே எழுதுகிறேன். ஒக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் போனது அப்படிப்பட்ட இடமில்லை. ஜேர்மனியின் சவர்லாண்ட் மலைக்காட்டில் உள்ள, வேட்டைக்காரர்கள் பழகும் ஒரு சுடுதளம். ஒரு துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்பதற்காக மட்டும் போனோம்.

என் கணவர் துஷி இங்கேயே வளர்ந்தவர். வேலையிடத்து நண்பர் ஊவே இழுத்துப் போய் வேட்டை அனுமதிப் பரீட்சை எழுத வைத்தார். முதலாவது காட்டுப்பன்றி வீட்டுக்கு வந்த நாளில் மாமி, “சைவக் குடும்பத்துக்கு நல்ல பேர் வாங்கித் தாறான்” என்று சொல்லிக்கொண்டே சட்டியைத் தேடினார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பனிக்காலையில், பலகையால் அடைத்த உயரமான காவல் குடிலுக்குள் இருந்தபோது, இடது பக்கத்தில் இருந்தவர் சடாரென்று சுட்டுவிட்டார். பன்றி வரும் சலசலப்பைக் கேட்பதற்காக இவர் காதுக்கவசத்தை அப்போதுதான் கழற்றியிருந்தார். அன்றிரவு எழும்பி விளக்கைப் போட்டு, நுளம்பு காதடியில் இரைகிறது என்று அறை முழுக்கத் தேடினார். ஜனவரி மாதம். நுளம்பு இருந்தது காதுக்குள். இன்றுவரை அது போகவில்லை. இடது காதில் மெல்லிய சத்தங்களும் கீச்சுக் குரல்களும் விழுவதில்லை. இனித் திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

இதை நாங்கள் மாமாவிடம், துஷியின் அப்பாவிடம், சொல்லவில்லை. “காது கொஞ்சம் இரையுது” என்பதோடு நிறுத்திக்கொண்டோம். பெற்றோர் யோசித்துக் கவலைப்படுவார்கள் என்று வருத்தங்களை மறைப்பது எங்கள் வீடுகளில் புதிதா என்ன?

வேட்டையை விடச் சொல்லிக் கேட்டேன், அழுதும் பார்த்தேன். அவருக்குக் காடு வேண்டும். சரி, மிஞ்சியிருக்கும் வலது காதையாவது காப்போம் என்று துப்பாக்கியின் முனையில் பூட்டும் ஒலி அடக்கியைப் பற்றித் தேடத் தொடங்கினேன். ஜேர்மன்காரர் ஷால்டெம்ப்ஃபர் என்பார்கள், நாங்கள் சைலன்சர் என்போம். வேட்டை அனுமதி உள்ளவர்கள் இங்கே இதைச் சட்டப்படி வாங்கி, ஆயுத அட்டையில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். தடை சட்டத்தில் இருக்கவில்லை, கீழ்வீட்டில் இருந்தது. நாங்கள் மாமாவின் வீட்டில் மேல்மாடியில் இருக்கிறோம். “அந்தச் சாமான் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. சனம் என்ன சொல்லும்?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. நவம்பர் நடுவில் பெரிய கூட்டு வேட்டை வருகிறது, பத்திருபது பேர் சுடுவார்கள். கடைசியில் நானே கீழே போய்க் கேட்டேன்: “மாமா, வாங்க வேண்டாம். ஒருக்கால் வந்து கேட்டுப் பாருங்கோவன்.” அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான், “ஓம், வாறன்” என்றார்.

நாங்கள் இருக்கும் டுசல்டோர்ஃபில் இருந்து ரோட்டால் ஏறத்தாழ நூற்றுப் பத்துக் கிலோமீற்றர். காரில் அபி சத்தி எடுப்பாள், ஆகவே ரயில். காலை எட்டே முக்காலுக்குப் புறப்பட்டு ஒரு மணித்தியாலத்தில் ஹாகன். அங்கே மாறி அர்ன்ஸ்பேர்க்குக்கு இன்னும் ஐம்பது நிமிடம் வரை. மாதாந்த டொய்ச்லாண்ட் ரிக்கெற் இருந்தால் தனிச் செலவில்லை. ஹாகனில் மின்தூக்கி ஒன்று வேலை செய்யவில்லை, தள்ளுவண்டியை நானும் அவரும் படியால் தூக்கினோம். மாற நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் ஏறியதும் நான் முதலில் பார்ப்பது இருக்கையைத்தான். அவருடைய இடது பக்கம் யன்னலுக்கு வரவேண்டும், நானும் பிள்ளையும் வலது பக்கம். சாப்பாட்டு மேசை, கட்டில், கோயில் மண்டபம், எல்லா இடத்திலும் இதே கணக்கு. முன்பெல்லாம் அவர் பின்னால் போய் நின்று மெதுவாகப் பெயர் சொல்வேன். திரும்பாமலே சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு ரூர் ஆற்றின் இரு கரையிலும் மஞ்சளாகி நின்ற மரங்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

அர்ன்ஸ்பேர்க் நிலையத்தில் இருந்து சுடுதளம் ஒன்பது கிலோமீற்றர், வாடகைக் கார் இருபத்தேழு ஒய்ரோ. பிள்ளைக்கான இருக்கையை முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைத்தேன். கொண்டுவந்திருந்தார், ஆனால் பட்டியை நான் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். சாரதி பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, தன் மனைவியும் இப்படித்தான், பிள்ளைக்கு இப்போது இருபத்தாறு வயது என்றார்.

ஊவே வாசலில் நின்றார். துப்பாக்கியும் ஒலி அடக்கியும் அவருடையவை. தளக் கட்டணம் ஆளுக்குப் பதினைந்து ஒய்ரோ, பார்க்க மட்டும் வருபவர்களுக்கு இல்லை. பிள்ளைகளைச் சுடும் கூடத்துக்குள் விடமாட்டார்கள், விட்டாலும் நான் விடமாட்டேன். வாகனத் தரிப்பிடத்துக்கு அப்பால் ஒரு தேநீர்க்கடைக் கட்டடம் உண்டு. அபிக்குக் கவசம் மாட்டி அங்கே யன்னலோரம் இருந்தேன்.

மாமா கூடத்துக்குள் போகவில்லை. தரிப்பிடத்தின் மறு கரையில், காடு தொடங்கும் இடத்துக்கு நடந்து போனார். போக முன் மகனிடம் சொன்னார்: “எப்ப சுடுவீங்கள் எண்டு எனக்குச் சொல்லவேண்டாம். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். கேட்டால் கையைத் தூக்குவன்.”

முதலில் ஒலி அடக்கி இல்லாமல் ஒரு தடவை. கட்டடத்தின் கண்ணாடி அதிர்ந்தது. கவசத்தையும் மீறி அபி வீரிட்டு அழுதாள். மாமாவின் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. கையைத் தூக்க மறந்துவிட்டார்.

பிறகு ஒலி அடக்கி பூட்டி ஐந்து. எனக்கும் சினிமாவில் பார்த்த ‘புஸ்’ என்ற சத்தம்தான் மனதில் இருந்தது. அப்படி ஒன்றுமே இல்லை. கனமான மரக் கதவை யாரோ அறைந்து சாத்தியதுபோல் வந்தது, அதன் பின்னால் ஒரு சவுக்கு வெடிப்பு. அபி அழவில்லை. தலையை நிமிர்த்தி யன்னலைப் பார்த்தாள். வெளியே மாமாவின் வலது கை மேலே போனது. சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது. கை போனது. நேரத்தை மாற்றி மாற்றிச் சுட்டார்கள். ஐந்து தடவையும் கை போனது. கடைசிக் கையைக் கண்டதும் அபியும் தன் கையைத் தூக்கினாள்.

திரும்பி வந்து என் முன்னால் இருந்தார். “அஞ்சும் கேட்டது” என்றார். கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பிள்ளை, எங்கட ஊரில சண்டைக் காலத்தில வெடிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் எண்டு தெரியும். மற்றப் பக்கம் ஓடலாம். சத்தம் இல்லாட்டி எங்க ஓடுறது?”

சனம் என்ன சொல்லும் என்று இத்தனை மாதமாகச் சொன்னதற்குப் பின்னால் இருந்தது இந்தப் பயம்தான். அவர் மகனுக்கு இதை ஒருநாளும் சொன்னதில்லை.

இதை வாசிக்கும் பலருக்கும் அதே பயம் இருக்கும் என்று தெரியும். அதனால்தான் இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன். ஒலி அடக்கி துப்பாக்கியை ஊமையாக்குவதில்லை. காதைக் கிழிக்கும் சத்தத்தைக் காது தாங்கக்கூடிய பக்கத்துக்குக் கொஞ்சம் இறக்கி வைக்கிறது, அவ்வளவுதான். கவசம் போதாதா என்று கேட்பீர்கள். கவசத்தையும் போடத்தான் வேண்டும். ஆனால் கவசம் நழுவும், கழற்றப்படும், பக்கத்தில் நிற்பவர் மறப்பார். முனையில் பூட்டியது மறக்காது. வேட்டை நாய்க்கு யார் கவசம் மாட்டுவது? சுடுதளத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு? கெட்டவன் கையில் போனால் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை அனுமதி, பதிவு, பூட்டிய பெட்டி. கனடாவில் வேட்டைக்குப் போகும் என் மைத்துனருக்கு இது முற்றாகத் தடை. இங்கேகூட விளையாட்டுப் போட்டிக்காகச் சுடுபவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. வேட்டைக்காரனுக்கும் விளையாட்டுக்காரனுக்கும் காதுக்குள் இருக்கும் நரம்பு வேறா? உரிய கட்டுப்பாட்டோடு எல்லோருக்கும் அனுமதிக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம். காது போனபின் எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தராது.

இரண்டே முக்கால் ரயிலில் திரும்பினோம். மாமா இன்னும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அபியின் பம்பர்ஸ் மாற்றப் போன இடத்தில் இருக்கைக் கணக்கு பிழைத்துவிட்டது. திரும்பி வந்தபோது ஒரே ஒரு இடம்தான் இருந்தது, துஷியின் இடது பக்கம். அபியை அதில் இருத்திவிட்டு நான் பைகளோடு நடைபாதையில் நின்றேன். மாமா எதிர் யன்னலோரம்.

அபி, “அப்பா” என்றாள். சின்னக் குரல், பால் குடித்த குரல். துஷி வலது பக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா காலை விளையாட்டை நினைத்துக் கையைத் தூக்கினார். அபி சிரித்தாள். “அப்பா.” மாமா மறுபடியும் தூக்கினார். மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டபோது தூக்கிய கை கீழே வரவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி.” உரத்துச் சொன்னார். “பிள்ளை கூப்பிடுறாள். உனக்குக் கேக்கேல்லையோ?”

துஷி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவரை. “இந்தப் பக்கம் கேக்காது, அப்பா. ரெண்டு வருசம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் யோசிப்பீங்கள் எண்டு.”

“இப்ப யோசிக்காமலோ இருக்கப்போறன்?” என்றார் மாமா. எழுந்து அபியைத் தூக்கி, மகனைத் தன் இடத்துக்கு மாறச் சொன்னார். பிள்ளையை மகனின் மடியில் வலது காதுப் பக்கமாக வைத்தார். ஹாகனில் இறங்கும்போதுதான் கேட்டார்: “அந்தச் சாமான் உன்ர பெட்டிக்குள்ள பூட்டித்தானே இருக்கும்?”

“ஓம், அப்பா.”

“அப்ப வாங்கு.”

போக விரும்புகிறவர்களுக்கு: பார்வையாளராக வருவதை முன்கூட்டியே தளத்துக்குச் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது வாடகைக் கார் உடனே கிடைக்காது, காலையிலேயே ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளையின் கவசத்தை ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் ஆயுத அனுமதி அலுவலகத்தில் கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், ஒவ்வொரு வருடமும் காதைச் சோதியுங்கள்.

ஒலி அடக்கி வலது காதுக்கு. இடது காதுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வருகிற வியாழக்கிழமை கேட்கும் கருவிக்கு முதலாவது சந்திப்பு, இங்கே டெர்மின் என்பார்கள். அவரும் அபியும் பக்கத்து அறையில் தூங்குகிறார்கள். அவர் வலது காது மேலே இருக்கும்படி திரும்பிப் படுத்திருக்கிறார், அபி கூப்பிட்டால் கேட்கவேண்டுமாம். வலது பக்கத்தை அபிக்கு விட்டுவிட்டு, நான் இப்போது இடது பக்கம் படுக்கிறேன். சில இரவுகளில் அவர் மல்லாந்து புரளும்போது அந்த இடது காதுக்குள் மெதுவாக அவருடைய பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு பக்கம் கேட்காமல் போய்க் கருவி போட்டிருந்தால், அதில் சின்னப் பிள்ளையின் குரல் விழுகிறதா என்று எனக்கு எழுதுங்கள். வியாழனுக்கு முன், கெதியாகப் பதில் போடுங்கள்.